ஒரு சொல்லும் கற்பனை அல்ல

செயின்ட் கேத்தரின்ஸ், கனடா
1855 நவம்பர் 5

மிஸ் ஹோல்டன் அவர்களுக்கு,

லெவினைக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். விரல்கள் ஊறிப்போயிருக்கின்றன, பேனா நிற்கமாட்டேன் என்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் மேரிலாந்தில், லெவின் ஸ்டான்லி சிப்பி இறக்கும் துறைக்கு ஷெரிஃப் வந்திருக்கிறார். கூடவே என் பழைய எஜமான் பார்னபியின் மகன். அவன் கையில் நீங்கள் பாஸ்டனில் அச்சடித்த சின்னப் புத்தகம், 'மஹாலா பிவன்ஸின் வரலாற்றுக்குச் சான்றுகள்'. லெவினின் மனைவி லேயா கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சொன்னதைக் கப்பல் சமையல்காரர் ஒருவர் கேட்டுவந்து இங்கே என்னிடம் சொன்னார்.

"ஏய் லெவின், இடது கையக் காட்டு."

"எதுக்குங்க ஐயா? சிப்பி நாத்தம் அடிக்கும்."

"காட்டுடான்னா."

காட்டியிருக்கிறான். பார்னபியின் மகன் புத்தகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "சுண்டு விரலும் இல்ல, மோதிர விரலும் இல்ல. அந்தப் பொம்பள எவ்ளோ சரியா எழுதியிருக்கா பாருங்க!" என்று சிரித்தானாம்.

அந்தப் பொம்பளை நான் அல்ல, நீங்கள். என் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகத்தில் படகைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒரு வரி: 'நல்லவர் ஒருவர் என்னைப் படகில் கொண்டுபோய் விட்டார்.' பேரில்லை, ஊரில்லை, கையில்லை. எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்தீர்களா?

லெவின் அடிமையாகப் பிறந்தவன் இல்லை. சுதந்திரமானவன் என்று காகிதம் வைத்திருக்கிறவன். ஓடிப்போன அடிமைக்கு உதவினான் என்று இன்று ஜெயிலில் கிடக்கிறான். பத்து வருடத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

நியூ பெட்ஃபோர்டில்தான் நான் இருக்கிறேன் என்பதையும் அதே புத்தகத்தில் போட்டிருந்தீர்கள். ஜூனில், ஓடிவந்த அடிமைகளைத் தேடி ஆள்பிடிக்கிறவர்கள் என் வாசலுக்கு வந்ததற்கும், நான் பாதித் துணியை ஈரமாகவே மூட்டை கட்டிக்கொண்டு கனடாவுக்கு ஓடியதற்கும் காரணம் அதுதான். அதை நான் கேட்கவில்லை. எனக்கு ஓடிப் பழக்கம். லெவினைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

என்ன செய்யப்போகிறீர்கள்?

மஹாலா பிவன்ஸ்


வூஸ்டர், மாசசூசெட்ஸ்
நவம்பர் 16

அன்பு மஹாலா,

உன் கடிதத்தின் முதல் வரிக்குப் பிறகு அடுத்த வரிக்குப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. இத்தனை வருடம் உன்னோடு பழகிய ஒருத்தியிடம் இப்படியா பேசுவது? அந்த ஏழை மனிதருக்காக நானும் அழுதேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நியாயமாக யோசித்துப் பார். அவர் பெயரை நான் அச்சிடவே இல்லை. இரண்டு முதலெழுத்துகள் மட்டும்தான் போட்டேன். ஊர்ப் பெயரும் இல்லை, ஓடைப் பெயர் மட்டும்தான். விரல் விஷயத்தை ஏன் சேர்த்தேன்? அப்போது என்ன நிலைமை என்று உனக்கு மறந்துவிட்டதா? அடிமை வைத்திருக்கும் தெற்கத்திக்காரர்களின் ரிச்மண்ட் பத்திரிகை என்ன எழுதியது? 'மஹாலா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. கல்யாணமாகாத கிழவி ஒருத்தி தேநீர் மேசையில் உட்கார்ந்து கட்டிய கதை இது' என்று எழுதியது. பாஸ்டன் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. ஓடிவந்த ஒரு பெண்ணை யாரோ ஒருவர் படகில் விரிகுடாவைக் கடத்திவிட்டார் என்பதை ஒருவரும் நம்பவில்லை. உன் பெயரைக் காப்பாற்றுவதற்காகத்தான் சான்றுகள் திரட்டினேன். பார்னபி பண்ணை, ஓடை, படகுக்காரரின் கை எல்லாம் வந்த பிறகுதான் அவர்கள் வாயை மூடினார்கள். பெரிய பெரிய மனிதர்களே, 'மிஸ் ஹோல்டன், இது மறுக்க முடியாத சான்று' என்று எழுதினார்கள்.

இந்தப் போராட்டத்துக்கு நானும் கொடுத்ததுண்டு. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை நான் தொட்டு எத்தனையோ வருடமாகிறது. பருத்தி உடுத்துவதில்லை, கோடையில்கூடக் கம்பளிதான். என் தந்தை வீட்டில் இன்றும் எனக்கு இடமில்லை. இதையெல்லாம் நான் கணக்குக் காட்டுவதில்லை. நீ என்னைப் பார்னபியின் மகன் பக்கத்தில் நிறுத்தியதால் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் சந்தையில் பெண்கள் சங்கம் போடும் கடையின் வருமானத்தை அந்த மனிதரின் வக்கீலுக்கு அனுப்பச் சொல்கிறேன். உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன், அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். ஜூனில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று நீ கேட்கவே இல்லை.

உன் உண்மையுள்ள தோழி
ஆகஸ்டா ஹோல்டன்


செயின்ட் கேத்தரின்ஸ்
டிசம்பர் 4

மிஸ் ஹோல்டன் அவர்களுக்கு,

சால்வை வந்தது. நான் பிரிக்கும்போது சலவைக்கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். டில்டா என்று ஒருத்தி இருக்கிறாள், வாய் சும்மா இருக்காது. "இது யாருக்குடி? ஜெயில்ல கெடக்கிறவனுக்கா, உனக்கா?" என்றாள். "ஜெயிலுக்கு அனுப்புனா கம்பி வழியாப் போவாதே. அதான் உனக்கு அனுப்பியிருக்கா" என்று அவளே பதிலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சால்வையை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பணமும் வேண்டாம், துணியும் வேண்டாம். வேண்டியது வேறு.

பால்டிமோரில் லெவினுக்கு ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். பெயர் பிட்மன், அடிமைமுறை ஆகாது என்னும் க்வேக்கர் சபைக்காரர், காசு வாங்காமல் பேசுகிறார். அவர் எழுதிய கடிதத்தை நூறு தடவை படித்துவிட்டேன். அரசாங்கத் தரப்பில் சாட்சி என்று யாருமே இல்லையாம். லெவின் என்னை ஏற்றியதைப் பார்த்தவர் இல்லை. அவர்கள் கையில் இருப்பது உங்கள் புத்தகம் ஒன்றுதான். அதன் முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இப்படி இருக்கிறது: 'இதில் ஒரு சொல்லும் கற்பனை அல்ல.' நீதிபதிக்கு அது போதுமாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் அல்லவா?

அதை உடைக்க ஒரே ஒரு வழி இருக்கிறது என்கிறார் பிட்மன். அந்தப் படகுக்காரர் கற்பனை, கதை நம்பும்படி இருப்பதற்காக நானே கையையும் விரலையும் சேர்த்தேன் என்று நீங்கள் நீதிபதி முன் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வழக்கு நிற்காது. ஜனவரி கடைசியில் விசாரணை.

நான் எழுதிக்கொடுத்தால் ஆகாதா என்று பிட்மனைக் கேட்டேன். ஓடிப்போன அடிமையின் சொல்லை அந்த நீதிமன்றத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்றார். உங்கள் சொல்லுக்கு எதிராக நிற்க உங்கள் சொல்லால்தான் முடியும்.

நீங்கள் பொய் சொல்லாதவர், அது எனக்குத் தெரியும். ஆனால் லெவினின் பெயர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் சமையலறையில் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தோம்.

"படகுக்காரர் யாருன்னு சொல்லவே மாட்டேங்கிறியே, மஹாலா."

"அது வேண்டாம், மிஸ் ஹோல்டன்."

"என்னை நம்பலையா நீ? நான் என்ன யாரோவா?"

"அப்படி இல்ல..."

"அப்ப சொல்லேன். எனக்கு மட்டும்தானே."

நீங்கள் சாப்பாடு போட்ட வீடு. நம்பவில்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னேன். விரலையும் சொன்னேன். நங்கூரக் கயிறு அறுத்த கதையை நீங்கள் ரசித்துக் கேட்டீர்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். என் புத்தகத்தில் கடைசியாக ஒரு அத்தியாயம் இருந்தது. நியூ பெட்ஃபோர்டு ரயிலில் என்னைக் கையைப் பிடித்து இழுத்து, எங்கள் நிறத்தவருக்கான அழுக்குப் பெட்டியில் தள்ளியதை எழுதியிருந்தேன். உங்கள் தேவாலயத்தில், அடிமைத்தனத்துக்கு எதிராக நீங்கள் பேசிய அதே ஞாயிற்றுக்கிழமை, நான் மாடியில் அடுப்புப் புகைக்குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து உங்கள் குரலை மட்டும் கேட்டதையும் எழுதியிருந்தேன். உங்களை அங்கிருந்து பார்க்க முடியாது. "இதை இப்பப் போட வேண்டாம், மஹாலா. தெற்கத்திக்காரன் கைகொட்டிச் சிரிப்பான்" என்றீர்கள். அத்தியாயத்தையே எடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு என் புத்தகத்தின் முகவுரையில் எழுதினீர்கள்: 'மஹாலா எழுதியதில் நான் எதையும் மாற்றவில்லை.'

ஆக, உங்களுக்கு முடியும். நல்ல காரியத்துக்காக என்றால் நீங்கள் ஒரு பொய்யின் கீழே கையெழுத்துப் போடுவீர்கள். முன்பு போட்டிருக்கிறீர்கள். இப்போது லெவினுக்காகப் போடுங்கள்.

மஹாலா பிவன்ஸ்


வூஸ்டர்
டிசம்பர் 21

மிஸ் பிவன்ஸ் அவர்களுக்கு,

இப்படி விளித்து எழுத வேண்டும் என்று எனக்கு எப்போதோ தோன்றியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் தோன்றியது. மன்னியுங்கள்.

நீங்கள் எழுதியதில் மறுக்கக்கூடியதாக எதுவும் இல்லை. அத்தியாயத்தை எடுத்தேன். மாற்றவில்லை என்று எழுதினேன். அப்போது அது பொய்யாக எனக்குத் தோன்றவே இல்லை. சீர்படுத்தல் என்று நினைத்தேன். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கே கூசுகிறது.

உங்கள் கோரிக்கையை நான் அலட்சியம் செய்யவில்லை. எங்கள் அடிமை ஒழிப்புக் கமிட்டியைக் கூட்டினேன். போதகர் ப்ராக்டர் வந்தார், பத்திரிகை ஆசிரியர் ட்யூவி வந்தார். மூன்று மணி நேரம் பேசினோம். என் குரல் கட்டிவிட்டது.

"ஒரு புத்தகத்துல ஒரு எடத்துல கட்டுக்கதை இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்டோம்னு வைங்க, ஆகஸ்டா," என்றார் ட்யூவி, "அப்புறம் இந்த மக்கள் எழுதின ஒரு புத்தகத்தையும் எவனும் நம்பமாட்டான். சாட்டையடியும் கற்பனை, சங்கிலியும் கற்பனைன்னுவான்."

"ஒரு மனுஷன் ஜெயில்ல இருக்காரு, ட்யூவி."

"முப்பது லட்சம் பேர் வயக்காட்டுல இருக்காங்க."

போதகர் மெதுவாகச் சொன்னார்: "சத்தியம் பண்ணிப் பொய் சொல்றது பாவம், அதை நான் எப்படிச் செய்யச் சொல்வேன்? நாம ஜெபம் பண்ணுவோம்."

அவர்கள் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கியெறியவும் முடியவில்லை. எங்களிடம் படையில்லை, ஓட்டில்லை, பெண்களான எங்களிடம் எதுவுமில்லை. நாங்கள் சொல்வது உண்மை என்ற ஒன்றுதான் இருக்கிறது. அதை நானே என் கையால் உடைத்தால் நாளை உங்களைப்போல் இன்னொருத்தி எழுதிக்கொண்டு வரும்போது யார் அவளை அச்சிடுவார்கள்?

வசந்த காலத்தில் என் கவிதைத் தொகுதி வருகிறது. அதற்காகத்தான் தயங்குகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

வாக்குமூலத்தை எழுதிப் பார்த்தேன். 'நானே கற்பனை செய்தேன்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. காகிதத்தை அடுப்பில் போட்டேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். நான் மிகவும் களைத்துப்போயிருக்கிறேன்.

ஆகஸ்டா ஹோல்டன்


செயின்ட் கேத்தரின்ஸ்
1856 ஜனவரி 7

மிஸ் ஹோல்டன் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் இருந்த காலமெல்லாம் நான் மஹாலா. உங்கள் வேலைக்காரப் பெண்கூட என்னை மஹாலா என்றுதான் கூப்பிட்டாள். கோரிக்கையைத் தள்ளிப்போட வேண்டிய நாளில் நான் மிஸ் பிவன்ஸ் ஆகிவிட்டேன். இந்த மரியாதையை எடுத்துக்கொண்டு லேயாவிடம் நான் என்ன சொல்வது? அவள் பிள்ளைகள் மூன்று பேரும் தண்ணீர் கலந்த சோளக்கூழ் குடிக்கிறார்கள். படகை ஷெரிஃப் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ட்யூவி முப்பது லட்சம் என்றாரா? அந்த முப்பது லட்சத்தில் ஒருத்தியைக்கூட அவர் படகில் ஏற்றியதில்லை. ஏற்றியவன் ஜெயிலில் இருக்கிறான்.

புத்தகத்தில் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். ராத்திரி படகுகளைத்தான் சோதனை போடுவார்கள். அதனால் லெவின் என்னைப் பகலில் ஏற்றினான். படகின் அடியில் படுக்கவைத்து, மேலே பலகை, பலகைமேல் ஈரச் சாக்கு, சாக்கின்மேல் சிப்பி. தண்ணீர் முகத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. துறையில் ஒரு வெள்ளைக்காரன், "என்னடா, இன்னிக்குப் படகு ரொம்ப அமுங்கிப் போகுது?" என்று கேட்டான்.

"நேத்து மாமியார் வந்து உட்கார்ந்துட்டா ஐயா. இன்னும் எந்திரிக்கல" என்றான் லெவின்.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நடு விரிகுடாவுக்கு வந்த பிறகு பலகையைக் காலால் தட்டி, "மாமியாரே, உசுரோட இருக்கியா?" என்று கேட்டான். கரையில் இறக்கிவிடும்போது நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அழுதேன். "எம் பேர மறந்துடு, அது போதும்" என்றான்.

அவன் கேட்டது அது ஒன்றுதான். நான் அதைச் செய்யவில்லை. நீங்களும் செய்யவிடவில்லை.

அவன் பொய் சொன்னான், மிஸ் ஹோல்டன். வெள்ளைக்காரனுக்கு முன்னால் நின்று, சிரித்துக்கொண்டு, என் உயிருக்காகப் பொய் சொன்னான். ஜெபம் பண்ண அவனுக்கு நேரமில்லை.

என்னைப் பொய்க்காரி என்று ஒரு நாடே சொன்னது. செத்தா போனேன்? மறுநாள் எழுந்து துணி துவைத்தேன். நீங்கள் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். கவிதைப் புத்தகம் வராமல் போகலாம். தேவாலயத்தில் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பலாம். வேண்டுமானால் மாடிக்கு வாருங்கள், புகைக்குழாய்க்குப் பின்னால் இடம் இருக்கிறது.

விசாரணைக்கு முன் பிட்மன் கைக்குக் காகிதம் போய்ச் சேர வேண்டும்.

மஹாலா பிவன்ஸ்


வூஸ்டர்
பிப்ரவரி 2

மிஸ் பிவன்ஸ் அவர்களுக்கு,

காய்ச்சலில் படுத்திருந்தேன், இதைப் படுக்கையிலிருந்தே எழுதுகிறேன். 'சான்றுகள்' புத்தகத்தின் மீதிப் பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன். இனி ஒன்றுகூட வெளியே போகாது. சந்தைப் பணத்தைத் திரு. பிட்மனுக்கு அனுப்பியாயிற்று. விசாரணை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் படகுப் பகுதியைப் பலமுறை படித்தேன். இதை ஏன் புத்தகத்தில் எழுதவில்லை? நீங்கள் எழுதியவற்றிலேயே சிறந்தது இதுதான். என்றாவது அனுமதி கொடுத்தால்—

இல்லை, இப்போது இதைப் பேசக்கூடாது. எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவும் தெம்பில்லை.

ஆ. ஹோ.


செயின்ட் கேத்தரின்ஸ்
ஏப்ரல் 14

ஆகஸ்டா,

பத்து வருடம். பால்டிமோர் சிறைச்சாலை. ஜூரி பெஞ்சை விட்டு எழுந்துகூடப் போகவில்லையாம், உட்கார்ந்த இடத்திலேயே தலையாட்டி முடித்துவிட்டார்கள். அரசாங்க வக்கீல் உன் 'சான்றுகள்' முதல் பக்கத்தை உரக்கப் படித்தாராம். நல்ல குரலாம் அவருக்கு. கடைசியில், "வடக்கத்திப் பொம்பளைங்க என்ன வேணா பேசுவாங்க, ஆனா இந்தம்மா பொய் பேசாதுன்னு அவங்க ஆளுங்களே சொல்றாங்க" என்றாராம். நீதிமன்றமே சிரித்ததாம். லெவின் சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொன்னதும் லேயாவைப் பார்த்து, "வலையெல்லாம் நனைஞ்சே கெடக்கும், காயப்போடு" என்றானாம்.

என்னுடைய கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. துவைக்கத் துவைக்கத் துணி வெளுத்துக் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது அது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மரியாதை, தோழி, உண்மையுள்ள, அதெல்லாம் விட்டுவிடுவோம். இதற்குமேல் உன்னை 'நீங்கள்' என்று எழுத என் கை வரவில்லை. நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்றும் சொல்லவில்லை. செய்தவள் நீ, அவிழ்க்கக்கூடியவளும் நீதான், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்கிறார் பிட்மன். ஆளுநரிடம் மன்னிப்பு மனு போடலாம். அதோடு உன் வாக்குமூலம் இருந்தால் ஆளுநருக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும். வடக்கத்திக் கிழவி ஒருத்தி கட்டிய கதையை நம்பி ஏமாந்தோம் என்று அவர்கள் சந்தோஷமாகவே சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். லெவின் வீட்டுக்கு வருவான்.

'கற்பனை செய்தேன்' என்ற இடத்தில் உன் கை நின்றது என்று எழுதியிருந்தாய். அதனால் அந்தப் பாரம் உனக்கு வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன். நல்ல காகிதத்தில், நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல். உன்னைத் தவிர வேறு யாரும் திருத்தக்கூடாது. நீயும் திருத்த வேண்டாம். ஒரு காலத்தில் நான் எழுதியதற்குக் கீழே நீ கையெழுத்துப் போட்டால்தான் என் வாழ்க்கையே நடந்ததாக ஆனது. அதையே இன்னொரு தடவை செய். நீதிபதி முன்னால் போய் நின்று போடு.

ஜூன் முதல் வாரத்துக்குள் வேண்டும் என்கிறார் பிட்மன். அதற்குப் பிறகு ஆளுநர் மலைக்குக் குளிர் தேடிப் போய்விடுவாராம்.

மஹாலா


இணைப்பு:

மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் நகரில் வசிக்கும் ஆகஸ்டா ஹோல்டன் ஆகிய நான் சத்தியம் செய்து சொல்வதாவது:

நான் வெளியிட்ட சான்றுகள் என்ற புத்தகத்தில் வரும் படகுக்காரர் என் கற்பனை. அவருடைய பெயரின் எழுத்துகளும், அவருடைய கையும், இல்லாத இரண்டு விரல்களும் வாசகர்கள் நம்புவதற்காக நானே சேர்த்தவை. அப்படி ஒருவரைப் பற்றி மஹாலா பிவன்ஸ் என்னிடம் சொன்னதில்லை. லெவின் ஸ்டான்லி என்ற பெயரை இந்த வழக்கு வரும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதில் ஒரு சொல்லும் பொய் அல்ல.

ஒப்பம்: ______________________